ஈர மணலிலிருந்து தந்தம் வரை

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருந்தவரை எல்லோரும் 'மூணாம் ஜன்னல்' என்றே கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவருடைய பற்கள் என்ன நிறம் என்று அந்தப் பதினெட்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருகிறவர்கள் எதிரில் இருப்பவரின் வாயைப் பார்ப்பதில்லை. பேனா நகர்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த நிம்மதி ஒரு கணக்கெடுப்பில் கெட்டது. மக்கள் திருப்தியை அளப்பதற்காகத் தலைமை அலுவலகம் ஒரு படிவம் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் 'திருப்தி இல்லை' என்றார்கள். ஏன் என்ற கேள்விக்குத் தண்ணீர் வருவதில்லை என்று எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருந்தவை மூன்றே கட்டங்கள்: இருக்கை வசதி, சுவரின் தோற்றம், ஊழியரின் புன்னகை. இருக்கைகள் புதியவை. சுவருக்குப் போன மாதம்தான் வெள்ளையடித்திருந்தார்கள். ஆகவே ஜனங்கள் வேறு வழியில்லாமல் மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்து அழுத்தினார்கள். ஆய்வுக்குழு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது.

இயக்குநர் எல்லோரையும் கூட்ட அறைக்கு வரவழைத்துப் பேசினார். அவர் உயரமானவர். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் சிரிப்பார். சிரிக்கும்போது அறை சற்று வெளிச்சமாகும்.

"தண்ணீர் என்பது பொறியியல் சம்பந்தப்பட்ட விஷயம். மழை, மோட்டார், குழாய் என்று அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் தண்ணீர் வராது என்று சொல்கிறோமே, அந்த வாய் முழுக்க முழுக்க நம்முடையது. வறண்ட தொண்டையோடு ஒரு மனிதர் நம் ஜன்னலுக்கு வருகிறார். அவருக்கு நாம் என்ன கொடுக்க முடியும்? தண்ணீரா?" இங்கே அவர் நிறுத்தினார். சிலர் சிரித்தார்கள். "பற்களைக் கொடுக்கலாம். எட்டுப் பற்கள். ஆறு வினாடிகள். வெள்ளை வெளேரென்று."

எல்லோரும் கை தட்டினார்கள். மூணாம் ஜன்னலும் தட்டினார். தட்டும்போதே நாக்கால் தன் மேல்வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இப்படிப் பிறந்தது வெண்புன்னகைத் திட்டம். அதை நடத்த ஒரு வெண்மை அலுவலர் நியமிக்கப்பட்டார். முந்தின நாள் வரை அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். அளவெடுப்பதில் அனுபவம் உள்ளவர் என்று உத்தரவில் குறிப்பிட்டிருந்தார்கள். பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் நிற அட்டை கிடைக்காததால் கொள்முதல் பிரிவு வேறொரு நிற அட்டையை வாங்கிக் கொடுத்திருந்தது. அதில் பதினாறு வெள்ளைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

வெண்மை அலுவலர் மேஜை மேஜையாக வந்தார். கழுத்தில் டார்ச் தொங்கியது.

"ஆ காட்டுங்க."

மூணாம் ஜன்னல் காட்டினார். அலுவலர் அட்டையை வாயருகே வைத்து, கண்ணைச் சுருக்கி, பழக்கதோஷத்தில் பற்களை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஈர மணல்" என்று பதிவேட்டில் எழுதினார். "கடைசிக்கு முந்தின நிறம். இதுக்கு அப்புறம் சணல்சாக்குதான் இருக்கு. டீ ஜாஸ்தியோ?"

"ஒரு நாளைக்கு ஆறு."

"மூணு மாசத்துல தந்தத்துக்கு வந்துடணும். வரலைன்னா கீழ்த்தளம்."

கீழ்த்தளம் என்றால் பழைய பதிவேடுகள் இருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. எதிரில் மனிதர்களும் வரமாட்டார்கள். அங்கே ஏற்கெனவே அனுப்பப்பட்ட ஒருவர் பீரோக்களோடு பேச ஆரம்பித்துவிட்டதாகச் சொல்வார்கள். திட்டுகிற மனிதர்களாக இருந்தாலும் மனிதர்கள் வேண்டும் மூணாம் ஜன்னலுக்கு.

ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. 'வீட்டிலேயே வெண்மை' என்பது தலைப்பு. சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து மூன்று வேளை தேய்க்கவும், பலன் தெரியாவிட்டால் அடுப்புக்கரி சேர்த்துத் தேய்க்கவும், அப்போதும் தெரியாவிட்டால் இன்னும் அழுத்தித் தேய்க்கவும் என்று இருந்தது. கீழே இயக்குநரின் கையெழுத்து.

மூணாம் ஜன்னல் வீட்டுக்கு வந்து சுற்றறிக்கையையும் அதோடு கொடுத்த நிற அட்டையின் பிரதி ஒன்றையும் மனைவியிடம் காட்டினார். அவள் தையல்காரி. கல்யாண கவுன் தைத்துத் தைத்து வெள்ளைத் துணியில் கண் தேர்ந்தவள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, பின்னாடி என்னமோ போட்டிருக்கே. 'முதல் பூச்சு நன்கு உலர்ந்த பிறகு இரண்டாம் பூச்சு அடிக்கவும்.' இது செவுத்துப் பெயிண்ட் அட்டைங்க."

"அட்டை எதுவா இருந்தா என்ன? நிறம் நிறம்தானே?"

"அப்ப உங்களுக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சுடலாமா?"

அவருக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று, ஒரு கிண்ணத்தில் சோடாவைக் கொட்டி, எலுமிச்சையைப் பிழிந்தார். நுரைத்துக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் ஏதோ ஒரு திட்டமாவது இவ்வளவு சுறுசுறுப்பாகப் பொங்குகிறதே என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. மூன்று வேளையும் தேய்த்தார். பாத்திரம் விளக்குகிற வேகத்தில் தேய்த்தார். இரண்டாம் வாரம் கரியையும் சேர்த்தார். வாஷ்பேசின் கறுத்தது. துண்டு கறுத்தது. மனைவி தைத்து மாட்டி வைத்திருந்த ஒரு மணப்பெண்ணின் கவுனில் இரண்டு புள்ளி விழுந்தது. அன்றைக்கு அவர் பேர் வீட்டில் மூணாம் ஜன்னல்தான்.

மூன்றாம் வாரம் ஐஸ் தண்ணீரை ஒரு வாய் குடித்தவர் துள்ளி எழுந்தார். மேல்வரிசை முழுக்க யாரோ ஊசியால் குத்தியதுபோல இருந்தது. அதற்குப் பிறகு வெந்நீர் குத்தியது, இனிப்பு குத்தியது, கடைசியில் வாயைத் திறந்து மூச்சு விட்டால் காற்றும் குத்தியது. மாதமுடிவில் வெண்மை அலுவலர் அட்டையை வைத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ஈர மணல்லேர்ந்து சணல்சாக்குக்குப் போயிட்டீங்களே! ஒழுங்கா தேய்க்கிறீங்களா இல்லையா?"

"கை வலிக்கிற வரைக்கும் தேய்க்கிறேன் சார்."

"அப்ப பத்தலை. வலது கை வலிச்சா இடது கை இருக்குல்ல?"

மூணாம் ஜன்னலின் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் இருபது வருஷமாக உதவியாளராக வேலை பார்ப்பவள். பல் சம்பந்தமாகத் தம்பிக்கு ஒரு கஷ்டம் வந்து, அது தன் காதுக்குக் கடைசியாக வந்தது என்பதில் அவளுக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை அவனை நாற்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். பார்த்துவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அறிவு இருக்காடா உனக்கு? இதென்ன வாணலியா, கரி போட்டுத் தேய்க்க? எலுமிச்சம்பழப் புளிப்பு பல்லோட மேல்தோலை அரிச்சிடும். அரிச்ச இடத்துல சோடாவும் கரியும் போட்டுத் தேய்ச்சா மேல் பூச்சு தேஞ்சுபோகும். எனாமல் போனா திரும்ப முளைக்காது. அதுக்குக் கீழ இருக்கிறதே மஞ்சள்தான். தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சள்தான் வெளிய தெரியும்."

"அப்ப வெள்ளையாவே ஆகாதாக்கா?"

"பல்லு சுத்தமாகும். ரெண்டு வேளை, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல, ரெண்டு நிமிஷம், பூனையைத் தடவுற மாதிரி தேய். கூச்சத்துக்குன்னு பேஸ்ட் இருக்கு, தரேன். டீ குடிச்சதும் வெறும் தண்ணியால கொப்பளி. படிஞ்சு கிடக்கிற கறையை டாக்டர் சுத்தம் பண்ணிடுவார். அப்புறமும் ஆசையா இருந்தா, டாக்டர் பார்த்துக் குடுக்கிற மருந்து இருக்கு. ரெண்டு மூணு நிறம் ஏறும். செவுரு மாதிரி ஆகாது. ஆகவும் கூடாது. பல்லுன்னா பல்லு நிறத்துல இருக்கணும்."

"தந்தத்துக்கு வரலைன்னா கீழ்த்தளத்துக்கு அனுப்பிடுவாங்க."

அக்கா கூச்சத்துக்கான பேஸ்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். பிறகு, "உங்க இயக்குநர் பல்லை நான் பார்த்திருக்கேன்டா" என்றாள். "எங்க டாக்டர்தான் ஒட்டினார். பதினாறும் பீங்கான்."

மூணாம் ஜன்னல் அக்கா சொன்னபடியே செய்தார். மருத்துவர் கறையை எடுத்தார். கூச்சம் மெல்ல மெல்ல அடங்கியது. ஆனால் டீ குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று அலுவலகக் குழாயைத் திறந்தால் அது இருமியது. இரண்டு தடவை இருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்குத் தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் முறைப்படி ஒரு புகார் எழுதி, தன் ஜன்னலிலேயே வாங்கி, தனக்கே ரசீது கொடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் நாலாம் ஜன்னலில் ஒரு அதிசயம் நடந்தது. அங்கே இருந்த அம்மாவுக்கு ஓய்வுபெற ஏழு மாதம் பாக்கி. அவர் பற்கள் பதினாறு வெள்ளைகளிலும் உச்சமான 'காலைப் பனி' என்று பதிவானது. பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கும் மேடையில்தான் அது பல்செட் என்று தெரியவந்தது. மைக்கைப் பார்த்து நன்றி சொல்லும்போது கீழ்வரிசை நழுவி இயக்குநரின் கையில் விழுந்துவிட்டது. மண்டபம் ஸ்தம்பித்தது. இயக்குநர் சட்டென்று சமாளித்தார். "விதியில் 'ஊழியரின் பற்கள்' என்றுதான் இருக்கிறது. இவை இந்த ஊழியரின் பற்கள். ரசீதும் இருக்கும்."

மறுநாளே அந்தப் பல்செட்டைக் கிளை அலுவலகங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துச் செல்வது என்று முடிவாயிற்று. வெல்வெட் பெட்டியில் வைத்து, 'பற்கள் மூன்று வாரம் அயற்பணியில்' என்று உத்தரவு போட்டு, வண்டியில் அனுப்பினார்கள். அந்த மூன்று வாரமும் நாலாம் ஜன்னல் அம்மா பொக்கை வாயோடு உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துச் சிரித்தார். பூஜ்யம் பற்களோடு சிரித்ததற்கு விளக்கம் கேட்டு வெண்மை அலுவலர் மெமோ கொடுத்தார். அந்த அம்மா அதன் கீழேயே எழுதிக் கொடுத்தார்: 'பற்கள் பணியில்தான் இருக்கின்றன. வாய் மட்டும் இங்கே காத்திருக்கிறது.'

ஜனங்களும் விடுபடவில்லை. புகார் கொடுக்க வரும் ஒவ்வொருவருக்கும் 'வீட்டிலேயே வெண்மை' துண்டுப் பிரசுரம் ஒன்று கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நல்லவேளையாகப் பொது மக்களுக்கான பிரதியில் கரியும் எலுமிச்சையும் இல்லை. மூணாம் ஜன்னல் இரண்டு நாள் வெண்மை அலுவலரின் காலைச் சுற்றிவந்து, அக்கா சொன்னதை அதில் போட வைத்திருந்தார்.

பக்கத்துத் தெரு சலூன்காரர் தினமும் வருவார். அவர் தெருவில் தண்ணீர் வந்து பதினோரு நாள். மூணாம் ஜன்னல் விதிப்படி எட்டுப் பற்களைக் காட்டி, மனசுக்குள் ஆறு வரை எண்ணி, "வராதுங்க" என்று சொல்லிப் பிரசுரத்தை நீட்டினார். சலூன்காரர் அதை நின்ற இடத்திலேயே படித்தார்.

"சார், இதுல முதல் வரியே 'ஒரு குவளை தண்ணீர் எடுத்துக்கொள்ளவும்'னு இருக்கு."

"ஆமாங்க."

"நான் முதல் வரியிலேயே நிக்கிறேன் சார்."

மூணாம் ஜன்னலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அவர் தொலைபேசியை எடுத்து வால்வுக்காரரைக் கூப்பிடுவார். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்பது ஊரில் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். மெதுவாகப் பேசினால் அவருக்குக் காது கேட்காது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால் பத்துக்கு ஆறு தடவை தண்ணீர் வந்துவிடும். புதிய விதியில் ஜன்னலில் உட்கார்ந்து கத்துவதற்கு இடமில்லை. ஒரு தடவை சிரித்துக்கொண்டே பேசிப் பார்த்தார். "யாருங்க இது, லோன் வேணுமான்னு கேக்கிறவங்களா?" என்று வால்வுக்காரர் வைத்துவிட்டார்.

மூன்று மாதம் முடியும் நாள் இயக்குநரே ஆய்வுக்கு வந்தார். படம் பிடிக்க இருவர் வந்தார்கள். விளக்குகள் பொருத்தினார்கள். எல்லோரும் தத்தம் ஜன்னலில் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்மை அலுவலர் அட்டையோடு வரிசையாக வந்து மூணாம் ஜன்னல் வாயருகே பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வைக்கோல். தந்தத்துக்கு இன்னும் ரெண்டு படி."

இயக்குநர் குனிந்து பார்த்தார். "பரவாயில்லை, முயற்சி தெரிகிறது. கீழ்த்தளத்திலும் இந்த முயற்சியை விட்டுவிடக் கூடாது" என்றார்.

அப்போதுதான் சலூன்காரர் உள்ளே ஓடிவந்தார். கழுத்தில் துண்டு கட்டிய ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பெரியவரின் தலையும் மீசையும் கெட்டியான கறுப்புச் சாயத்தில் மூழ்கியிருந்தன. நெற்றியில் ஒரு கோடு வழிந்தது.

"சார், காலைல குழாய்ல சொட்டுச் சொட்டா வந்துச்சு. நம்பிச் சாயத்தைப் போட்டுட்டேன். நின்னுபோச்சு. தெருவுல ஒரு வீட்டுலயும் தண்ணி இல்ல. அரை மணி நேரத்துல கழுவணும் சார், இருபது நிமிஷம் ஆயிடுச்சு."

"எரியுது" என்றார் பெரியவர். கத்தக்கூட இல்லை. அழுதுவிடுவார் போலிருந்தது. "நாளைக்கு என் பொண்ணு கல்யாணம்."

இயக்குநர் கேமராவைப் பார்த்தார். பிறகு மூணாம் ஜன்னலைப் பார்த்து, "நல்ல சந்தர்ப்பம். எட்டுப் பற்கள், ஆறு வினாடி. எங்கே, செய்து காட்டுங்கள்" என்றார்.

மூணாம் ஜன்னல் வாயைத் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் எட்டுப் பற்களும் தெரிந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்றில் பெரியவரின் கண்ணோரத்துக்குச் சாயம் வழிவதைப் பார்த்தார். நாலாம் ஜன்னல் அம்மா பக்கத்திலிருந்து, "எண்ணினது போதும்பா, போனை எடு" என்றார்.

அவர் வாயை மூடினார். தொலைபேசியை எடுத்தார். மூன்று மாதமாகத் தொண்டையில் அடைத்துவைத்திருந்த குரல் கட்டடம் அதிர வெளியே வந்தது.

"யோவ்! உயிரோட இருக்கியா இல்லையா? மனுஷன் தலை எரிஞ்சுகிட்டு நிக்கிறான்யா இங்க! சலூன் தெரு வால்வைத் திற! டீயை அப்புறம் குடி! இப்பவே! நான் அங்க வந்தேன்னா வால்வைத் திறக்க மாட்டேன், உன்னைத் திருகிடுவேன்!"

மறுமுனையில், "அடடே, நீங்களா! எங்க சார் போயிட்டீங்க இத்தனை நாளா?" என்று பாசமாகக் கேட்டது வால்வுக்காரரின் குரல்.

சலூன்காரர் பெரியவரை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடினார். ஏழாவது நிமிஷம் தெருவிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. குழாய்கள் கக்கிக் கனைத்துத் தண்ணீர் கொட்டும் சத்தமும், ஜனங்கள் குடங்களோடு ஓடும் சத்தமும் கேட்டன. யாரும் இயக்குநரைக் கவனிக்கவில்லை. படம் பிடிப்பவர்கள்கூடக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை மூணாம் ஜன்னலுக்கு மெமோ வந்தது. 'தாங்கள் ஆய்வின்போது, பணியிடத்தில், ஒரு பல்லும் தெரியாத நிலையில், முன் அனுமதியின்றித் தண்ணீர் வரவழைத்தது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' வெண்மை அலுவலர் அதை நேரில் கொண்டுவந்து கொடுத்து, தாழ்ந்த குரலில், "எனக்கே மனசு கேக்கலை. ஆனா விதி விதிதானே" என்றார். மதியம் இயக்குநர் அறையில் விசாரணை.

மூணாம் ஜன்னல் தன் மனைவி தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கீழ்த்தளத்தில் ஒரு மின்விசிறியாவது இருக்குமா என்று யோசித்துக்கொண்டே கதவைத் தட்டினார். இயக்குநர் மெமோவை உரக்க வாசித்தார். வெண்மை அலுவலர் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விளக்கம் இருக்கா?"

"கழுவணும்னு வந்தாங்க சார். தண்ணி தேவைப்பட்டுது."

இயக்குநர் பேனாவை மூடினார். வெண்மை அலுவலரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது. அவர் எழுந்துபோய், அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, தன் நாற்காலியில் உட்காராமல் மூணாம் ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக வாக்கியத்தின் கடைசியில் சிரிக்காமல் பேசினார்.

"எங்க வீட்டுல ஆறு நாளா தண்ணி வரலைங்க. நானும் தலைமை அலுவலகத்துக்கு நாலு கடிதம் எழுதிட்டேன். நேத்து பதில் வந்துச்சு. நம்ம 'வீட்டிலேயே வெண்மை' பிரசுரத்தைத்தான் அனுப்பியிருக்காங்க. என் மனைவி நேத்தே அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்த வால்வுக்காரர் நம்பரைக் கொஞ்சம் தரீங்களா?"

மூணாம் ஜன்னலுக்கு அந்த உயரமான மனிதரைப் பார்க்க முதன்முதலாகப் பாவமாக இருந்தது. முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாமல் வந்திருக்கிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது.

"நம்பர் குடுத்தா ஆகாது சார். புதுக் குரலுக்கு அவர் திறக்க மாட்டார். நானே பேசுறேன்." மேஜையில் கிடந்த மெமோவைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "தெரு பேரைச் சொல்லுங்க சார்."

இயக்குநர் சொன்னார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பேனா நகர்வதையே பார்த்தார். பிறகு மூணாம் ஜன்னல் தொலைபேசியில் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற வெண்மை அலுவலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாக மூடிக்கொண்டார்.

தொலைபேசியை வைத்ததும் இயக்குநர் அவர் வாயையே ஆவலாகப் பார்த்தார். அதன் நிறத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"என்னங்க சொல்றார்?"

"அஞ்சு மணிக்குத் திறப்பாராம். வீட்டம்மாவை உடனே வரச் சொல்லிடாதீங்க சார். முதல்ல அரை மணி நேரம் சேறாத்தான் வரும்."